சீட்டை விற்றவர் காட்சியை மறைக்கலாகாது

(பதுளையில் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



சம்பளத்தைப் பற்றியும் காணியுரிமையைப் பற்றியும் பேசவேண்டிய மேடையிலே இசை நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வயிற்றுக்குச் சோறு தேடும் மக்களிடம் பாட்டுக்கு இருக்கை தேடச் சொல்வதா என்றும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நான் பேசவந்தது பாட்டைப் பற்றியன்று. பணத்தை வாங்கிக்கொண்டு பண்டத்தைக் கொடாத வழக்கத்தைப் பற்றி. அவ்வழக்கம் தராசடியில் நடந்தாலும் அநீதிதான். அரங்கின் வாயிலில் நடந்தாலும் அநீதிதான்.

சீட்டு என்பது என்ன என்பதை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கடனோடு கைமாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை, ஒரு காகிதத் துண்டு எம் முன்னோரின் வாழ்வையே ஆண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாக வாக்குச்சீட்டை இழந்து, தலைமுறைகள் கடந்து அதை மீட்டவர்கள் நாம். காகிதத்தில் எழுதப்பட்ட வாக்கு காப்பாற்றப்படவேண்டும் என்று கேட்க எம்மைவிடத் தகுதியுடையோர் யார்?

யாழ்ப்பாணமும் சென்னையும்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே பனையூரில், ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நடந்தது. ஒகஸ்டில் நடக்கவேண்டியது மழையினால் தள்ளிவைக்கப்பட்டு அன்று நடந்தது. பணம் செலுத்திச் சீட்டு வாங்கியோர் பலர் வாயிலையே தாண்ட முடியவில்லை. உள்ளே சென்றவர்களும் தாம் வாங்கிய இடத்தை அடைய முடியவில்லை. நெரிசலில் பெண்கள் துன்புற்றனர். குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து அழுதனர். பின்னர் ரஹ்மான் அவர்கள், சீட்டு வாங்கியும் உள்ளே வர முடியாதோர் தம் சீட்டின் படியையும் முறைப்பாட்டையும் அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். பணம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. உலகமறிந்த கலைஞர் ஒருவரின் நிகழ்ச்சிக்கே இந்தக் கதி.

ஐந்து மாதங்கள் கழித்து, 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், யாழ்ப்பாணம் முற்றவெளியிலே பாடகர் ஹரிஹரன் அவர்களின் நிகழ்ச்சி. பணம் கொடுத்தோர் மேடைக்கு அண்மையில். இலவசமாக வந்தோர் தடுப்புகளுக்கு அப்பால், வெகு தொலைவில். தொலைவில் நின்றவர்களுக்கு மேடை தெரியவில்லை. தடுப்புகள் சரிந்தன, கூட்டம் முன்னே பாய்ந்தது, நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டது. பணம் கொடுத்தவரும் பார்க்கவில்லை, கொடாதவரும் பார்க்கவில்லை. அன்று தடுப்பைத் தாண்டியவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. கதிரையின்மேல் ஏறி நின்று பின்னாலிருப்பவரின் கண்ணை மறைக்கும் பழக்கம் எம்மிடமும் உண்டு. அதை நாம் கைவிடவேண்டும். ஆனால் மேடை தெரியாத இடத்திலே மக்களைத் திரட்டி நிறுத்திவிட்டு, 'ஒழுங்காக நின்று பார்' என்று சொல்வது ஏற்பாடாகுமா?

ஊவா மலைநாட்டுக்கும் இது புதிதன்று. எமது ஊர்களில் பெரிய இசை நிகழ்ச்சியென்றால் திறந்த மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து, ஒரே நாளில் எழுப்பும் புதிய அரங்குதான். முன்னே அழைப்பிதழ்க்காரருக்கு மெத்தை நாற்காலிகள். அவர்களுக்குப் பின்னே கமரா மேடை. இரு பக்கமும் ஒலிபெருக்கிக் கோபுரங்கள். இவற்றின் பின்னே, காசு கொடுத்தவனுக்குப் பிளாத்திக்குக் கதிரை. அவன் பாடகரைக் காண்பதில்லை. கமராக்காரரின் முதுகைக் கண்டு வீடு திரும்புகிறான்.

ஐந்து நாள் உழைப்பு

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாயும் தந்தையும் ஒரு பிள்ளையும் பதுளைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். சீட்டு ஒன்று 3,000 ரூபா என்றால் மூவருக்கும் 9,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. அந்தக் கூடிய தொகையைக் கொண்டு கணக்கிட்டாலும் ஐந்து நாள் உழைப்பு அந்த மூன்று சீட்டுக்குப் போதாது. வான் கூலி வேறு. வழியிலே தேநீர் வேறு. கொழும்பிலே வசதியுள்ளவருக்கு ஒரு மாலைப் பொழுதின் செலவு, எம்மவருக்கு ஒரு வாரத்தின் வியர்வை.

நான் கேட்கின்றேன்: மலையிலே கொழுந்து எடுக்கும் தாய், குறித்த நிறைக்குச் சில கிலோ குறைந்தால் அவளுக்கு விழுவது என்ன? அரைப்பேர். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு என்று தராசு அவளிடம் கணக்குக் கேட்கின்றது. வெலிமடையின் கமக்காரர் கிழங்கு மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுசென்றால், மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழித்த பின்னரே காசு. மேலே நல்ல கிழங்கும் அடியில் அழுகலும் வைத்து விற்றால் அவரை வஞ்சகர் என்பார்கள். உழைப்பவர் குறைத்தால் அரைப்பேர். விளைவிப்பவர் குறைத்தால் கழிவு. அரைக் காட்சியைக் காட்டியவருக்கு மாத்திரம் முழுப் பணமா? இது எந்தத் தராசின் நீதி?

சட்டம் என்ன சொல்கின்றது?

'சீட்டிலே இருக்கை என்றுதானே எழுதியிருக்கின்றோம். மேடை தெரியும் என்று எங்கே எழுதினோம்?' என்று சில ஏற்பாட்டாளர் வாதிடுவர். இவ்வாதத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

1902ஆம் ஆண்டு ஜூன் 26, 27ஆம் நாள்களில் லண்டனிலே ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் நடக்கவிருந்தது. அதைக் காண ஹென்றி என்பவர் பால் மால் வீதியில் கிரெல் என்பவரின் அறைகளை 75 பவுணுக்கு வாடகைக்குப் பேசி, 25 பவுண் முற்பணமும் கொடுத்தார். மன்னர் நோயுற்றார், ஊர்வலம் தள்ளிவைக்கப்பட்டது. மீதி 50 பவுணைக் கேட்டு அறைக்காரர் வழக்கிட்டார். இருவரும் பரிமாறிய கடிதங்களிலே ஊர்வலம் என்ற சொல்லே இல்லை. ஆயினும் 1903ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஊர்வலத்தைக் காண்பதே இந்த ஒப்பந்தத்தின் அடிப்படை என்று கண்டு, மீதிப் பணம் கேட்க உரிமையில்லை எனத் தீர்த்தது. அது நடவாத ஊர்வலத்தைப் பற்றிய வழக்கு என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள கொள்கை தெளிவானது. சாளரத்தை வாடகைக்கு எடுத்தவர் சாளரத்துக்காக எடுக்கவில்லை. அதன் வழியே தெரியும் காட்சிக்காக எடுத்தார். அவ்வாறே கதிரைக்குக் காசு கொடுப்பவர் கதிரைக்காகக் கொடுக்கவில்லை. வீட்டில் அவருக்குக் கதிரை இல்லையா?

இன்னொரு வழக்கு ஹர்ஸ்ட் என்பவருடையது. ஆறு பென்ஸ் கொடுத்துப் படமாளிகையில் அமர்ந்திருந்தவரை, காசு கொடுக்கவில்லை என்று தவறாக எண்ணி வெளியேற்றினார்கள். சீட்டு வாங்கியவருக்குக் காட்சி முடியும்வரை பார்க்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறியது. ஆறு பென்ஸ் கொடுத்தவருக்கு 150 பவுண் நட்டஈடு கிடைத்தது. எமது ஒப்பந்தச் சட்டத்தின் அத்திவாரம் உரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலத் தீர்ப்புகள் இங்கே கட்டளைகள் அல்ல. ஆனாலும் எமது நீதிமன்றங்கள் அவற்றை நெடுங்காலமாக எடுத்து நோக்கி வந்திருக்கின்றன.

இலங்கையின் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 30ஆம் பிரிவு வியாபாரி பாவனையாளரை மயக்கும் நடத்தையைத் தடுக்கின்றது. 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடுக்கின்றது. சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்படவேண்டும் என்ற உத்தரவாதத்தை, எழுதாவிட்டாலும் எழுதியதாகவே 32ஆம் பிரிவு கொள்கின்றது. கம்பத்தின் பின்னாலுள்ள கதிரையை முதல்தரக் கதிரை என்று விற்றவர் இப்பிரிவுகளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

முத்திரை குத்தும் கை

சட்டம் இருந்தும் தவறு ஏன் தொடர்கின்றது? நிகழ்ச்சி முடிந்தபின் ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்குக்குப் போக வேண்டியிருப்பதனால். 3,000 ரூபாவுக்காக எவர் கொழுந்து மலையை விட்டு நீதிமன்றப் படியேறுவார்? ஆகவே நோய் வந்தபின் மருந்து தேடாமல், வருமுன் காக்கும் வழியைத் தேடவேண்டும். அவ்வழி எம் கையிலேயே இருக்கின்றது.

1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின்படி, நுழைவுக் கட்டணத்தின்மீது வரி அறவிடும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்துக்கு உண்டு. வரிக்காக நுழைவுச்சீட்டுகளை மன்றத்துக்குக் கொண்டுசென்று முத்திரை பெறுவது வழக்கம். அச்சிட்ட சீட்டை மன்றத்தின் கை தொடுகின்றது. வரியையும் அந்தக் கை வாங்குகின்றது. எத்தனை சீட்டு என்று எண்ணத் தெரிந்த மன்றத்துக்கு, எத்தனை பேருக்கு மேடை தெரியும் என்று எண்ணத் தெரியாதா?

உள்ளூராட்சி மன்றத்துக்கு வலிமை உண்டா என்று ஐயுறுவோர் சேப்பாக்கத்தைப் பார்க்கட்டும். சென்னை எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கின் பழைய கூரையைத் தாங்கிய தூண்கள் பார்வையாளரின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தன. 2009ஆம் ஆண்டில் தொடங்கிய புனரமைப்பில் அத்தூண்கள் நீங்கின. கம்பிவடங்கள் தாங்கும் கூரை எழுந்தது. தூணின்றியும் கூரை நிற்கும் என்பதற்கு அது சான்று. அதே அரங்கில் புதிதாகக் கட்டிய மூன்று பார்வையாளர் மாடங்கள், கட்டட விதிகளை மீறியதாக எழுந்த பிணக்கில், மாநகராட்சியின் பூட்டுக்குள் பல ஆண்டுகள் கிடந்தன. கிரிக்கெட்டின் செல்வாக்கு அந்தப் பூட்டை எளிதில் திறக்க முடியவில்லை. உள்ளூர் மன்றம் விரும்பினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நடந்த தேர்தலில், பதுளை மாநகர சபைக்கும் பண்டாரவளை மாநகர சபைக்கும் அப்புத்தளை நகர சபைக்கும் ஏனைய பிரதேச சபைகளுக்கும் நாம் உறுப்பினர்களைத் தெரிவு செய்தோம். எக்கட்சியினராயினும் அவர்கள்முன் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றேன்.

ஒன்று: இருக்கைப் படமின்றி எச்சீட்டுக்கும் முத்திரை இடலாகாது. கமரா மேடையும் ஒலிபெருக்கிக் கோபுரமும் அப்படத்திலே குறிக்கப்படவேண்டும். அரங்கு எழுந்தபின் மன்ற அலுவலர் ஒருவர் கடைசி வரிசையிலும் ஓரக் கதிரையிலும் அமர்ந்து பார்த்த பின்னரே வாயில் திறக்கவேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு சீட்டிலும் வரிசையும் இலக்கமும் இருக்கவேண்டும், கதிரைக்கு மேலாக ஒரு சீட்டேனும் விற்கலாகாது. மறைவான இடமென்றால் 'காட்சி மறையும் இடம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு விலையைக் குறைக்கவேண்டும். இது ஆகாத காரியமன்று. பிரித்தானியாவிலே 2015ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டம், சீட்டை மறுவிற்பனை செய்பவர்கூட எந்த இருக்கை, அச்சிட்ட விலை எவ்வளவு என்பதைச் சொல்லவேண்டும் என்று விதித்தது.

மூன்று: வருமானத்தில் ஒரு பங்கை நிகழ்ச்சி ஒழுங்காக நிறைவேறும்வரை மன்றம் பிணைப்பணமாக வைத்திருக்கவேண்டும். தவறு நேர்ந்தால் மக்களின் பணம் அதிலிருந்து திரும்பவேண்டும்.

நான்கு: எல்லாச் சீட்டையும் இணையத்திலே விற்று முடிக்கலாகாது. பசறையிலும் மடுல்சீமையிலும் உள்ள தொழிலாளி கைக்காசு கொடுத்து வாங்கக்கூடியதாக ஒரு பகுதி நேரில் விற்கப்படவேண்டும்.

'இத்தனை நிபந்தனை விதித்தால் எந்தக் கலைஞரும் பதுளைக்கு வரமாட்டார்' என்று அச்சுறுத்துவர். நான் சொல்கின்றேன்: நேர்மையான ஏற்பாட்டாளர் அஞ்சவேண்டியதில்லை. முத்திரையிட்ட சீட்டுக்குக் காட்சி உறுதி என்று தெரிந்தால் மக்கள் நம்பி வாங்குவர், அவருக்குத்தான் இலாபம். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை வீட்டிலேயே இருந்துவிடுவான்.

நீங்கள் செய்யவேண்டியது

மன்றங்கள் விழிக்கும்வரை நாம் உறங்கலாகாது. சீட்டின் அடிக்கட்டையை எறிந்துவிடாதீர்கள். அமர்ந்த இடத்திலிருந்து மேடை தெரியும் கோலத்தைக் கைத்தொலைபேசியிலே படம் பிடியுங்கள். விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஏற்பாட்டாளரிடம் எழுத்திலே கேளுங்கள். அவர் மறுத்தால் தாமதியாமல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள். ஒருவர் எழுதினால் கடிதம். நூறுபேர் கையொப்பமிட்டால் அது வழக்கு. ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் எழுத்து வேலையை ஏற்றுக்கொள்ளவேண்டும். தோட்டத்து இளைஞர்கள் கையொப்பங்களைத் திரட்டவேண்டும்.

மாசி மாதத்திலே எமது தோட்டங்களில் காமன் கூத்து நடக்கின்றதே, அதைப் பாருங்கள். சீட்டில்லை; காவலில்லை. சிறுவர் முன்னே தரையில் அமர்வர். பெரியோர் அவர்களுக்குப் பின்னே. இளைஞர் மலைச்சரிவிலே நிற்பர். விடிய விடிய ஆடும் கூத்திலே, தெரியவில்லை என்று எழுந்து சென்றவர் எவருமில்லை. எழுதப் படிக்கத் தெரியாதிருந்த முன்னோருக்கு, எல்லோருக்கும் தெரியவேண்டும் என்ற நீதி தெரிந்திருந்தது. காசு வாங்கும் அரங்குக்கும் அந்த நீதியையே கேட்கின்றோம்; இலவசம் கேட்கவில்லை.

ஆகவே தோழர்களே, இக்கோரிக்கைகள் நான்கையும் மனுவாக எழுதி, உங்கள் வட்டாரத்து உறுப்பினரின் கையில் இம்மாதத்துக்குள்ளேயே கொடுங்கள். மறுமொழியை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான சீட்டு முத்திரைக்கு வரும்போது, மன்றத்தின் மேசையிலே உங்கள் மனு அதற்கு முன்பே இருக்கட்டும்.