ஒரு கிற்றாரின் அகச்சான்று



ஏட்டுச் சுவடியொன்று கைக்கு வந்தால், அதனை ஆக்கியவர் யார், எக்காலத்தவர் என்பதை அறியத் தமிழ் படித்தவர்கள் இரு வழிகளை நாடுவர். நூலுக்குள்ளேயே கிடைப்பது அகச்சான்று. வெளியிலிருந்து கிடைப்பது புறச்சான்று. பல்கலைக்கழகத்தில் நான் கற்ற இந்தப் பாடம் ஒரு பழைய கிற்றாருக்கு முன்னால் எனக்குக் கைகொடுக்கும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. அந்த அனுபவத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

சில மாதங்களுக்கு முன்னர் எனது பழைய மாணவர் ஒருவர், பழஞ்சீலையால் சுற்றிய கிற்றார் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். அவருடைய பூட்டனார் மலாயாவில் ரயில்வே எழுதுவினைஞராக இருந்து, ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியவர். வரும்போது அவர் கொண்டுவந்த கிற்றார் அது.

“சேர், இது மார்ட்டின் கிற்றார் எண்டுதான் எங்கட வீட்டில எல்லாரும் சொல்லுறவை. கனடாவில ஒருத்தர் வாங்கக் கேக்கிறார். மார்ட்டின் எண்டு உறுதியாத் தெரிஞ்சால் நல்ல விலை தருவாராம். நீங்கள் இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தரவேணும்” என்றார்.

அவர்களுடைய வீட்டுக் கூரை ஒழுகுவதையும், தங்கையின் படிப்புச் செலவையும் அவர் சொல்லாமலே நான் அறிவேன்.

இசைக்கருவிகள் பற்றிய எனது அறிவு சொற்பம். ஆகவே ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டு, கருவியை மேசைமீது வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.

அதில் வழமைக்கு மாறான அம்சமொன்று இருந்தது. கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதியில் சிறிய துவாரம். அதனுள்ளே ஒரு திருகாணி. மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோல ஒரு சாவியை இட்டுத் திருகினால் கழுத்து சற்றே சாய்ந்து கொடுக்கும். தந்திகள் எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பதை வாசிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் வாழ்ந்த யோஹான் ஜோர்ஜ் ஸ்டௌபர் என்னும் கைவினைஞரின் கிற்றார்களால் புகழ்பெற்ற அமைப்பு இது.

மார்ட்டினும் வியன்னாவில் தொழில் பார்த்தவரே. 1796 இல் சக்சனி மாநிலத்தின் மார்க்நொய்கிர்கன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவ்வூரில் கிற்றார் செய்வோர் தளபாடத் தச்சர் சங்கத்தைச் சேர்ந்திருந்தனர். தச்சருக்குக் கிற்றார் செய்ய உரிமையில்லை என்று வயலின் செய்வோர் சங்கம் வழக்காடியது. அந்தப் பூசல்களின் பின்னணியில், 1833 இல் மார்ட்டின் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய தொடக்ககாலக் கிற்றார்களிலும் இதே சாவித் துவாரம் உண்டு. எனவே அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதன்று.

அடுத்து, பல் வைத்தியர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் ரோச் வெளிச்சத்தையும் கொண்டு ஒலித்துவாரத்தின் உள்ளே பார்த்தேன். முத்திரை எதுவுமில்லை. ஆயின் முத்திரை இல்லாமை ஒரு முடிவாகாது. ஒட்டிய கடதாசி உதிர்ந்து போயிருக்கலாம். இன்னொன்று, முத்திரைகூட முழு உண்மை பேசுவதில்லை. மார்ட்டின் 1830களின் இறுதியில் பென்சில்வேனியாவிலுள்ள நாசரேத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டார். ஆனாலும் 1898 வரை அவருடைய நிறுவனத்தின் கிற்றார்களில் நியூயோர்க் என்றே பொறிக்கப்பட்டது!

உள்ளே மரம் வெளிறியிருந்தது. வெளியே ஈட்டி மரம்போலக் கருமையும் கோடுகளும் தெரிந்தன. மூலையில் தேய்ந்த ஓரிடத்தில் அந்தக் கோடுகள் அறுந்துபோயிருந்தன. மலிவான மரத்தின் மேல் விலையுயர்ந்த மரத்தின் கோலத்தை யாரோ தூரிகையால் தீட்டியிருக்கின்றார்கள்.

கடைசியாக, முறுக்காணிகளைத் தாங்கும் பித்தளைத் தகட்டைக் கழற்றினேன். அதன் பின்புறத்தில், ‘மேட் இன் ஜேர்மனி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. 1887 இல் பிரித்தானியா இயற்றிய வணிகக் குறிச் சட்டத்தின் பின்னரே இப்படிப் பொறிப்பது பரவலாயிற்று. மார்ட்டினோ 1873 இல் காலமாகிவிட்டார்.

ஆனால் அந்தத் தகடு பிற்காலத்தில் மாற்றப்பட்டதாயின்? நூல்களில் இடைச்செருகல் உண்டல்லவா, அதுபோல. தகட்டின் கீழிருந்த மரத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஆணித் துளைகள் ஒரே வரிசையில் மட்டுமே இருந்தன. வேறொரு தகடு பதிந்திருந்த தடமும் இல்லை. தகடு முதலிலிருந்தே உள்ளது. ஆகவே இது மார்ட்டின் அன்று.

பின் இது யாருடையது? பெரும்பாலும் மார்ட்டின் விட்டுச்சென்ற அதே ஊரின், அல்லது அதன் அயலூர்களின் கைவேலை. அந்தப் பகுதியில் தச்சர்கள் வீடுகளிலிருந்தே கருவிகளைச் செய்தனர். வணிகர்கள் அவற்றை வாங்கிக் கடல் கடந்து அனுப்பினர். வணிகம் பெருகியதனால் 1893 இல் அமெரிக்கா அச்சிற்றூரில் ஒரு கொன்சல் அலுவலகத்தையே திறந்தது. கருவிகள் உலகெங்கும் சென்றன. செய்தவர்களின் பெயர்கள் அவற்றோடு செல்லவில்லை.

இவ்விடத்தில் எனக்குக் குறுந்தொகை நினைவுக்கு வந்தது. பெயர் தெரியாத புலவர்களுக்கு அதனைத் தொகுத்தோர் கபிலரென்றோ பரணரென்றோ பெரும் பெயர்களைச் சூட்டவில்லை. பாடலிலுள்ள சொற்றொடர் ஒன்றையே பெயராக்கி, அணிலாடு முன்றிலார் என்றும் மீனெறி தூண்டிலார் என்றும் வழங்கினர். தெரியாத இடத்தில் பொய் உரைக்காமல், படைப்புக்குள் இருப்பதைக் கொண்டே படைத்தவரை மதித்த பண்பு அது.

நானும் அவ்வாறே எழுதினேன். ‘செய்தவர் பெயர் தெரியவில்லை; ஜேர்மனி; 1887 இற்குப் பிற்பட்டது; கழுத்தில் சாவித் துவாரம் உடையது; நிறம் தூரிகையால் தீட்டப்பட்டது.’ மாணவர் அதனை வாசித்தபோது அவருடைய முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பெயரை எழுதியிருந்தால் ஒரு கூரை வேய்ந்திருக்கலாமே என்று அன்றிரவு மனம் கிடந்து அலைந்தது. அந்தப் பெயரை எழுதினால், இனி எந்த வகுப்பில் நின்று நான் அகச்சான்று பற்றிப் பேசுவேன்?

கனடாக்காரர் வாங்கவில்லை. இரண்டு மாதமாக மாணவரும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் நானே அவர்களுடைய வீட்டுக்குச் சென்றேன். கிற்றார் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அப்பம்மா திண்ணையில் இருந்தார். தயங்கியபடி நான் பேச்சைத் தொடங்க, அவர் இடைமறித்துச் சொன்னார்:

“அதுக்கென்ன தம்பி. ஐயா வாசிச்சது மார்ட்டினையே? இதைத்தானே வாசிச்சவர்.”

நேயர்களே, உங்கள் வீடுகளிலும் பழைய இசைக்கருவிகள் இருக்கக்கூடும். அவற்றைச் சுரண்டிப் புதிதாக வார்னிஷ் பூசிவிடாதீர்கள். கழன்ற ஆணியையும் உதிர்ந்த கடதாசியையும் ஓர் உறையிலிட்டுக் கருவியோடு வையுங்கள். யார், எங்கிருந்து, எப்போது கொண்டுவந்தார் என்பதையும் எழுதி வையுங்கள். நாளை அதனைப் படிக்க வருபவருக்கு அவையே சான்றுகள்.