ஜில்லாப் பத்திரிகையும் அதன் வாசகரும்



பழைய பத்திரிகைகளைச் சரித்திர ஆசிரியர்கள் புரட்டுவது பெரும்பாலும் சம்பவங்களைத் தேடித்தான். எந்த மகாநாடு எந்தத் தேதியில் கூடிற்று, எந்தத் தீர்மானத்தை யார் பிரேரேபித்தார் என்பன போன்ற விவரங்களுக்காக. ஆனால் சம்பவங்களைச் சொல்வதற்குக் கலெக்டர் கச்சேரித் தஸ்தாவேஜுகளும் கோர்ட்டுத் தீர்ப்புகளும் இருக்கையில், ஒரு ஜில்லாவிலே அச்சாகிப் பெரும்பாலும் அந்த ஜில்லாவாசிகளே வாங்கிப் படித்த பத்திரிகையை நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் அபிப்பிராயம். இதை எழுதியவர், தமக்கு எதிரே யார் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதினார்? சேலம், நாமக்கல் பிரதேசத்தில் பிறந்த சில பத்திரிகைகளை இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்க்கலாம்.

சேலம் பகடால நரசிம்மலு நாயுடு என்ற பெயரைக் கோயமுத்தூர்க்காரர்கள் அதிகமாகவும் சேலத்துக்காரர்கள் குறைவாகவும் அறிவார்கள். கோயமுத்தூரில் ‘கலாநிதி’ பத்திரிகையை நடத்தியவர், சிறுவாணித் தண்ணீரை அந்நகருக்குக் கொண்டுவர வேண்டுமென்று எழுதியும் பேசியும் பாடுபட்டவர், 1922-ல் தாம் காலமாகும்வரை அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்து சேரக் காணாதவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அவருடைய பத்திரிகை வாழ்வின் ஆரம்ப காலத்தில், 1870-களின் பிற்பகுதியில், அவர் நடத்தியது ‘சேலம் தேசாபிமானி.’ அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை ஜனத்தொகைக் கணக்கு ஒன்றே சொல்லும்: 1871-ல் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த சேலம் ஜில்லாவில், 1881-ல் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர்; இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றில் பத்துப் பேர்கூட இல்லாத ஒரு ஜில்லாவில், பஞ்சம் அடித்துப்போட்ட நிலையில், சந்தா கேட்டு ஒரு தமிழ்ப் பத்திரிகையை நடத்த ஒருவர் துணிந்தார் என்றால், அதை வாங்கக்கூடியவர்கள் வக்கீல் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் மிராசுதார்களும் முனிசிபல் கவுன்சிலர்களுமாக ஒரு சிறு கூட்டத்தாரே என்பது அவருக்குத் தெரியாமல் இராது. தெரிந்தும் நடத்தினார். கச்சேரித் திண்ணையில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது அந்நாளைய வழக்கமாதலால், சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்து ஒரு பத்திரிகையின் செல்வாக்கை அளப்பது சரியான அளவையாகாது. காதால் படித்த அந்த வாசகர்களுடைய பெயர்கள் எந்தச் சந்தாப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. வானொலிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் நீங்களும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஜில்லாப் பத்திரிகைகள் பலவற்றின் பிரதிகள் நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் என்ன வந்தது என்பதை அறிய ஒரு வினோதமான வழி உண்டு. சுதேசப் பத்திரிகைகளின்மேல் சந்தேகம் கொண்ட சென்னை அரசாங்கத்தார், மொழிபெயர்ப்பாளர்களை நியமித்து, தமிழிலும் தெலுங்கிலும் மற்ற பாஷைகளிலும் வருவதையெல்லாம் படிக்கச் செய்து, சாராம்சத்தை இங்கிலீஷில் எழுதி வாங்கி, அதிகாரிகளின் பார்வைக்கு மட்டுமென்று அச்சிட்டு வைத்தார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் அந்தத் தொகுதிகளைக் காணலாம். சந்தா செலுத்தியவர்கள் கடலை மடிக்கக் கொடுத்துவிட்ட பத்திரிகையை, சந்தேகப்பட்டவர்கள் பாதுகாத்தார்கள்! ஆயினும் இந்த உபகாரத்தை அளவோடு பாராட்ட வேண்டும். சர்க்காரைப் பற்றிய புகார்களையே மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பொறுக்கினார். உடைந்த ஏரிக்கரையும் லஞ்சம் வாங்கிய தாசில்தாரும் தப்பிப் பிழைத்தார்கள். மருந்து விளம்பரமும், புத்தக மதிப்புரையும், நாடகக் கம்பெனி வந்த செய்தியும், சமஸ்யைப் பாட்டும் உதிர்ந்துபோயின. ஆகவே அந்தச் சாராம்சங்களை மாத்திரம் வாசிப்பவருக்கு, நம் முன்னோர்கள் சிரிப்பு என்பதையே அறியாமல் ஓயாது மனு எழுதிக்கொண்டிருந்த ஜனங்கள் என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

முதல் உலக யுத்தம் முடிந்ததை அடுத்து, ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவர் வைத்தியர், மேடைப் பிரசங்கி, சிறைவாசத்துக்கு அஞ்சாதவர். பின்னர் பத்திரிகை சென்னைக்குக் குடிபெயர்ந்து தினசரியாயிற்று. சேரமாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வேறு வேறு பந்தி வைத்த விவகாரம் 1924, 25-ஆம் வருஷங்களில் தமிழ்நாடெங்கும் வெடித்தபோது, அதைப் பகிரங்கத்துக்குக் கொண்டுவந்து வாதாடியதில் இந்தப் பத்திரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. பந்தியில் யார் எங்கே உட்காருவது என்ற விஷயத்தை ஓர் அரசியல் பத்திரிகையின் முதன்மையான விவாதமாக ஆக்கலாம் என்ற தைரியம், தன் வாசகர்களில் பெரும்பாலோர் வேறு பந்திக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதை அறிந்திருந்த ஆசிரியருக்குத்தான் வரும் என்று நான் கருதுகிறேன்.

இனி, நான் அதிக நேரம் தங்கிப் பேச விரும்பும் பத்திரிகைக்கு வருகிறேன். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி ஸ்தாபித்த காந்தி ஆசிரமத்திலிருந்து, 1929-ல் ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகை வெளிவந்தது. மதுவிலக்கு ஒன்றே அதன் லட்சியம்; ராஜாஜி ஆசிரியர், ‘நவசக்தி’யிலிருந்து வந்த கல்கி உதவி ஆசிரியர். பத்து இதழ்களே வெளிவந்தன. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது, ராஜாஜி வேதாரணியத்துக்கு நடந்தார், பத்திரிகை நின்றது.

இதே ராஜாஜி 1916-ல் சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, வெங்கடசுப்பையர் என்பவரோடு சேர்ந்து, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ப் பரிபாஷை வகுப்பதற்கென்றே ஒரு சங்கத்தையும் அதற்கொரு சஞ்சிகையையும் தோற்றுவித்தவர். அந்தச் சஞ்சிகையின் வாசகர், ரசாயனத்தைத் தமிழில் போதிக்க இயலுமா என்று யோசிக்கும் கல்விமான். ‘விமோசன’த்தின் வாசகர் யார்? சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போகும் குடியானவனும் கூலிக்காரனும் நெசவாளியும். அவர்களில் அநேகருக்கு எழுத்துத் தெரியாது. படிக்கத் தெரியாதவனுக்காக ஒரு பத்திரிகை! இந்த முரண்பாட்டை அறிந்தே அதை நடத்தினார்கள் என்பதற்கு அந்தப் பத்திரிகையின் அமைப்பே சாட்சி; படங்கள் இருந்தன, கதைகள் இருந்தன, குடியால் கெட்ட குடும்பத்தின் கதையைக் கேட்பவன் கண்ணீரும் சிரிப்பும் ஒருங்கே கொள்ளும்படி சொல்லக் கல்கி இருந்தார். பின்னாளில் ‘ஆனந்த விகட’னிலே ஆயிரக்கணக்கான வாசகர்களை மயக்கிய அந்தச் சரளமான நடைக்கு ஆசிரமத்துக் கிராம வாழ்வு ஒரு பயிற்சிக்களமாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன்; உரக்க வாசித்தால் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் புரிய வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தைவிடச் சிறந்த ஆசிரியர் எழுத்தாளனுக்குக் கிடையாது.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. குடிப்பவனைப் பற்றி இத்தனை அக்கறையோடு பேசும் பத்திரிகையில் பேசுகிறவர்கள் சீர்திருத்தக்காரர்களே. குடிப்பவன் திருந்தவேண்டியவனாக நிற்கிறான். வெயிலில் நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவன் எதற்காகக் கடைக்குப் போனான் என்பதையும், மரம் ஏறிக் கள் இறக்கியவன் மறுநாள் பிழைப்புக்கு என்ன செய்வான் என்பதையும் அவரவர் வாய்மொழியாகவே கேட்க நமக்கு ஆசை; அந்த நாளில் அச்சு யந்திரம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பத்திரிகை தொடங்கி எட்டு வருஷங்களுக்குப் பின், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, அதே ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்து, ராஜதானியிலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தார். நாமக்கல்லும் தருமபுரியும் அப்போது அந்த ஜில்லாவுக்குள் அடக்கம். கடைகள் மூடிய பிறகு கிராமத்தார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் நாம் பெரும்பாலும் அதிகாரிகளும் சீர்திருத்தக்காரர்களும் எழுதியவற்றின் வழியாகவே அறிகிறோம்.

பத்திரிகையின் நடுப்பக்கத்தைவிட மேலட்டையே ஊரை நன்றாகக் காட்டும் என்பது பழைய பிரதிகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். தலையங்கம், வாசகர் எப்படி இருக்க வேண்டுமென்று ஆசிரியர் விரும்பியதைச் சொல்லும். அட்டையில் வரும் விளம்பரமோ, அந்த வாசகர் எதை வி.பி.பி. தபாலில் தருவித்தார், எந்த நோய்க்கு மருந்து தேடினார், எந்த நாடகத்துக்கு டிக்கெட் வாங்கினார் என்பதைச் சொல்லும். துரதிருஷ்டவசமாக, சஞ்சிகைகளைப் பைண்டு செய்பவர்கள் அட்டைகளைக் கிழித்தெறிந்துவிட்டு உள்பக்கங்களை மாத்திரம் தைத்துக் கட்டுவதே நம் நூலகங்களிலும் வீடுகளிலும் வழக்கமாயிற்று. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தாரும் புதுக்கோட்டையில் ஞானாலயாவினரும் இப்படிப்பட்ட தாள்களைச் சேகரித்துக் காத்து வருகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையிலோ குகையிலோ திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ, பாட்டனார் காலத்துப் பத்திரிகைக் கட்டு எவர் வீட்டுப் பரணிலாவது இருக்குமானால், அதைப் பழைய காகிதக்காரரிடம் நிறுத்துப் போடுவதற்கு முன் அந்த நூலகங்களில் ஒன்றுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். பைண்டு செய்யக் கொடுப்பதாயிருந்தால், அட்டைகளையும் சேர்த்தே தைக்கும்படி சொல்லுங்கள்.