செந்நிற மருந்தும் இரண்டாம் வாரமும்

இத்தாலியின் தென்கிழக்கே, அட்ரியாட்டிக் கடலுக்கு அண்மையில், 13ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்ற காஸ்டெல் டெல் மொன்டே என்னும் எண்கோணக் கோட்டையொன்று உண்டு. அதன் அயலில் எடுத்த மண்ணிலே, 1950களில், செந்நிறப் பொருளொன்றைச் சுரக்கும் நுண்ணுயிரை இத்தாலிய ஆய்வாளர் கண்டனர். அந்நுண்ணுயிரின் வழியில் 1960களின் பிற்பகுதியிற் பெறப்பட்ட மருந்தே டொக்சோரூபிசின். அயலிலுள்ள கடலின் பெயரைத் தழுவி அட்ரியாமைசின் என்றும் அதனை வழங்குவர். மார்பகப் புற்றுநோய், நிணநீர்க்கணுப் புற்றுநோய் முதலியவற்றுக்கு இன்றும் வைத்தியர் கையாளும் மருந்து இது. இம்மருந்தைப் பெறுவோரிற் பலர் அதன் நிறத்துக்கும் தலைமயிர் உதிர்தலுக்குமே பெரிதும் அஞ்சுகின்றனர். உண்மையில் அஞ்சவேண்டியது வேறொன்று.

மகரகமவிலாயினும் தெல்லிப்பழையிலாயினும் பிறநாடுகளிலாயினும் மருந்தேற்றும் முறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் இரத்தம் பரிசோதிக்கப்படும். வெண்குருதிக் கலங்கள் போதாவாயின் அன்று மருந்து ஏற்றப்படாது; திருப்பி அனுப்பப்பட்டவர் இதனாற் கலங்கவேண்டியதில்லை. சத்தியைத் தடுக்கும் மருந்து முன்னரே கொடுக்கப்படும். பின்னர், சேலைன் ஓடிக்கொண்டிருக்கும் குழாயினூடாகத் தாதியார் செந்நிற மருந்தைச் சில நிமிடங்களில் மெல்லச் செலுத்துவார். அவ்வேளையில் ஊசி குத்திய இடத்தில் எரிவோ வீக்கமோ தோன்றினால் நோயாளர் அக்கணமே சொல்லவேண்டும். நாளத்துக்கு வெளியே கசிந்தால் இம்மருந்து சதையைப் புண்ணாக்கிவிடும். தாதியாருக்குத் தொந்தரவு கொடுக்கலாகாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது பண்பன்று.

அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தமன்று, மருந்தின் நிறமே. முதல் இரண்டு மூன்று நாட்கள் குமட்டலும் அசதியும் இருக்கலாம். அரிசிக்கஞ்சியோ இடியப்பமும் சொதியுமோ சிறிது சிறிதாக உண்பது எளிது. இரண்டு மூன்று வாரங்களில் தலைமயிர் உதிரத் தொடங்கும். நீண்ட கூந்தலை உடைய பெண்ணுக்கு இது சிறிய துயரமன்று. அதனை அற்பமென்று பிறர் தள்ளுவது தகாது. ஆயினும், சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மயிர் மீண்டும் வளரும்.

ஒரு வாரம் கழிந்ததும் குமட்டல் நீங்கிப் பசி திரும்புகிறது. நோயாளர் முற்றத்தில் வந்து அமர்கிறார். ஆள் தேறிவிட்டார் என்று வீட்டார் மகிழ்கின்றனர். உண்மையில் அந்நாட்களிலேதான் உடல் காவலின்றி இருக்கிறது. வேகமாகப் பெருகும் கலங்களை இம்மருந்து தாக்குவதால், புற்றுநோய்க் கலங்களோடு எலும்பு மச்சையிற் பிறக்கும் வெண்குருதிக் கலங்களும் குறைந்துவிடுகின்றன. மருந்தேற்றிய 10ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையில் அவை மிகக் குறைந்து, ஏறத்தாழ 21ஆம் நாளில் மீள்கின்றன. அடுத்த தவணை பெரும்பாலும் 21 நாட்களின் பின் வைக்கப்படுவதற்குக் காரணமும் இதுவே.

இந்த நாட்களிலேயே வருத்தம் பார்க்க உறவினர் வருவர். தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவருவர். சிலர் இருமலையும் உடன் கொண்டுவருவர். தடிமன் உள்ளவர்கள் பிறிதொரு நாள் வரட்டும் என்று சொல்ல வீட்டிலொருவர் துணியவேண்டும். அதனினும் முக்கியமானது வெப்பமானி. உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை, அதாவது 100.4 பாகை பரனைட்டை, எட்டினால் அது சாதாரணக் காய்ச்சலன்று. இரண்டு பனடோலை விழுங்கிப் படுத்துக்கொண்டால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. விடியும்வரை பார்ப்போம் என்ற அந்த ஓரிரவில் உயிர் போனதும் உண்டு. நள்ளிரவாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே வரிசையிற் காத்திராது, புற்றுநோய்க்கு ஊசிமருந்து ஏற்றி இன்று இத்தனையாம் நாள் என்பதையே முதற் சொல்லாகச் சொல்லவேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்து ஒரு மணித்தியாலத்துள் நாளத்தில் ஏறத் தொடங்குவது நன்று. காய்ச்சல் இன்றியே நடுக்கமோ மயக்கமோ கண்டாலும் அவ்வாறே செய்யவேண்டும்.

இம்மருந்து இதயத்தின் வலுவையும் குறைக்கக்கூடும். ஆதலால் தொடக்கத்தில் இதயம் பரிசோதிக்கப்படும். வாழ்நாளில் ஒருவர் பெறத்தக்க மொத்த அளவுக்கும் எல்லையுண்டு. அது உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை எனக் கொள்வர். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாக 60 மில்லிகிராம் வீதம் நான்கு தவணை ஏற்றினால் 240 ஆகும். எஞ்சியது எவ்வளவென்று பல ஆண்டுகளின் பின் வேறொரு வைத்தியர் கேட்க நேரிடலாம். ஆதலால் சிகிச்சைப் பதிவேட்டை, சிகிச்சை முடிந்த பின்னரும், காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டியிலே பத்திரமாக வைத்திருப்பது நல்லது.