பூட்டை உடைத்த ஊரும் பொதுவான அறிவும்

(புதுவையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



செய்தி என்பது யாருடைய உடைமை? அரசினுடையதா? அச்சகம் வைத்திருப்பவனுடையதா? அன்றி, அச்செய்தியால் வாழவோ சாகவோ போகின்ற மக்களுடையதா? இவ்வினாவுக்குப் புதுவை மண் இருமுறை விடை கூறியிருக்கின்றது.

முதல் விடை 1908-ஆம் ஆண்டினது. சென்னையில் வெளிவந்த ‘இந்தியா’ கிழமை இதழை ஆங்கில ஆட்சி ஒடுக்க முற்பட்டபோது, அவ்விதழ் பிரெஞ்சியர் ஆண்ட இப்புதுவைக்குப் பெயர்ந்தது. பாரதியாரும் இங்கு வந்து சேர்ந்தார். ஆயினும், தன் எல்லைக்குள் அவ்விதழ் நுழையாதவாறு ஆங்கில ஆட்சி வழியை அடைத்தது. 1910-இல் இதழ் நின்றது. எழுதுவோனுக்கு இடம் கிடைத்தாலும், படிப்போன் கைக்குச் செல்லும் வழி அடைபடுமாயின் இதழ் வாழாது என்பதே அன்று விளங்கிய பாடம்.

இரண்டாம் விடை தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து, 1998-இல் தொடங்கிற்று. வேளாண் அறிஞர் மா.சா. சாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஆய்வு வளர்ச்சி நடுவத்தின் பொருளுதவியுடன், வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களில் அறிவு நடுவங்களை அமைத்தது. தொலைபேசிக் கம்பி செல்லாத ஊர்களுக்கும் கம்பியில்லா வானொலி அலைவழியே செய்தி சென்றது. மின்தடை மிகுந்த அக்காலத்தில் கதிரவன் ஒளியால் கணினிகள் இயங்கின.

கருவியைக் காட்டிலும் அதனைக் கொண்டு சென்ற முறையே கருதத்தக்கது. “உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?” என்று முதலில் ஊராரையே கேட்டனர். நெல் விலை, விதை விலை, மருத்துவமனை, பேருந்து, அரசு தரும் உதவிகள் ஆகியவற்றைத்தான் மக்கள் கேட்டார்கள். நடுவத்துக்கு ஊராரே இடம் தரவேண்டும். அவ்விடத்துக்குள் ஒடுக்கப்பட்டோர் உள்ளிட்ட அனைவரும் தடையின்றி வந்து செல்லவேண்டும் என்பது முறையாயிற்று. எம்பலம் என்னும் ஊரில் கோயிலுக்குரிய இடத்திலேயே நடுவம் அமைந்தது. பல ஊர்களில் பெண்களே அதனை நடத்தினர். எவர் வந்து நிற்கலாம், எவர் வரலாகாது என்று காலங்காலமாகக் கோடு கிழித்த ஊர்களில், அறிவின் வாயில் எல்லார்க்கும் திறந்தது சிறிய செய்தியன்று.

இனி, மொழிக்கு வருவோம். வீராம்பட்டினத்து மீனவர்க்கு அலையின் உயரம் தெரியவேண்டும். அச்செய்தியை அமெரிக்கக் கடற்படை இணையத்தில் எவரும் காணுமாறு வெளியிட்டிருந்தது. ஆனால் அஃது ஆங்கிலத்தில் இருந்தது. உலகுக்குப் பொதுவாக வைத்த அறிவும், மொழி தடுத்தால் கட்டுமரக்காரனுக்குப் பூட்டிய அறிவே! வில்லியனூரில் அதனை நாள்தோறும் எடுத்துத் தமிழாக்கி அனுப்பினர். கடற்கரையில் ஒலிபெருக்கி அதனை முழங்கிற்று. படிக்கத் தெரியாதவனும் கேட்டறிந்தான். இவற்றோடு ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் இதழும் அம்மக்களுக்காக வெளிவந்தது. எழுத்து வழக்குக்கு இறங்காத பேச்சுத் தமிழ்ப் பெயர்தான். ஆயினும் அதிலுள்ள மூன்று சொற்களும் தமிழ்ச் சொற்களே என்பதை நோக்குக!

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. நல்லவாடு என்னும் மீனவர் ஊரினர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணியாற்றினார். பேரலைச் செய்தியறிந்து அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, இங்கே கடல்நீர் ஊருக்குள் புகத் தொடங்கியிருந்தது. “ஓடுங்கள்!” என்றார். செய்தி ஒரு வீட்டோடு நிற்கவில்லை. ஊரார் அறிவு நடுவத்தின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, ஒலிபெருக்கியில் ஊர் முழுதும் கேட்க அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை. அதே நாளில் காரைக்கால் கரையில் மாண்டவர் நூற்றுக்கணக்கினர்.

இதனை வியந்து கைதட்டிவிட்டுப் போதல் தகாது. ஒரு தொலைபேசி அழைப்பு வாய்த்தமையால் ஓர் ஊர் பிழைத்தது. அழைப்பு வாராத ஊர்கள் என்னாயின? இந்தியாவுக்கென ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நடுவம் ஐதராபாத்தில் அமைந்ததே 2007-இல்தான். எனினும், தம்முடையது என்று ஊரார் உணர்ந்த பொருளாதலின், திறவுகோலுக்குக் காத்திராமல் பூட்டை உடைத்தனர். பிறருடைய அலுவலகமாக எண்ணியிருந்தால் வாயிலில் நின்றிருப்பர்!

இன்று கைப்பேசி கடற்கரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கைப்பேசி மெய்யையும் கொணரும். பொய்யையும் அதே விரைவில் கொணரும். ஆய்ந்து, தமிழில் விளங்கச் சொல்லும் ஒருவர் ஒவ்வோர் ஊருக்கும் இன்றும் வேண்டும்.

பொது அறிவுக்குத் தமிழர் கைகள் உழைக்காமலில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தமிழர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி விலையின்றி வழங்கி வருகின்றது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலக்கத்துக்கும் மிகுந்த கட்டுரைகள் உள்ளன. எழுதியோர் கூலி பெறாத தன்னார்வலர்.

இங்குத் தமிழன்பர்க்கு ஒரு கடமை உண்டு. தூய தமிழ் என்பது விளங்காத தமிழ் அன்று. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டவன் மீனவன். அச்சொற்கள் அகரமுதலியில் உறங்க, அரசு அறிவிப்பு வேற்றுச் சொல்லால் அவனை மருட்டலாமா? அவன் சொற்களைக் கேட்டுத் திரட்டுக! உங்கள் ஊர் ஏரி, தெரு, தொழில், கோயில் ஆகியவற்றின் வரலாற்றை எழுதி எல்லார்க்கும் திறந்து வையுங்கள்! மக்களுக்குரிய அறிவிப்பைத் தமிழில் தராத அலுவலகத்தை எழுத்துவழிக் கேளுங்கள்! படித்தவர் ஒருவர் நாள்தோறும் ஒரு செய்தியை ஊர்க் கரும்பலகையில் எழுதினால், அதுவும் இதழே!

நல்லவாட்டு மக்கள் உடைத்தது மரக்கதவின் பூட்டை. அறிவின்மேல் வேற்றுமொழி இட்ட பூட்டு இன்னும் தொங்குகின்றது. அதனை உடைக்கும் கருவி தமிழ். அதனை எடுக்கும் கை உங்கள் கையாகட்டும்!