கடிதத்தைப் பிரியுங்கள், கணக்கை எழுதுங்கள்

(ஈப்போவை அடுத்த தோட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம்மில் பலர் வெளியே சொல்லக் கூசுகின்ற ஒன்று. திவாலானபின் மாதந்தோறும் கட்டவேண்டிய தொகையைச் சிறு வருவாயில் எவ்வாறு கட்டுவது என்பதே அது.

அண்மையில் நண்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். பிறந்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின், கடனுக்கு லாரி வாங்கி ஓட்டியவர். தொழில் நொடித்தது, நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. இரண்டு மாதத் தவணை தவறியதும், வெட்கத்தால், வந்த கடிதங்களைப் பிரிக்காமலே தகரப் பெட்டியில் போட்டுவைத்தார். பின்னர் வட்டி முதலையிடம் வாங்கித் தவணையைக் கட்டினார். ஒரு கடன் இரண்டாயிற்று.

நண்பர்களே, அவர் அறியாதிருந்தது இதுதான். மாதத் தொகை கண்மூடித்தனமாக விதிக்கப்படுவதன்று. வருவாய், வாழ்க்கைத்துணையின் வருவாய், குடும்பத்தின் நியாயமான செலவு ஆகியவற்றைப் பார்த்தே நொடிப்புநிலை இலாகா அதனை நிர்ணயிக்கிறது. வருவாய் குறைந்தால், சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, மருத்துவச் சீட்டு ஆகியவற்றுடன் ஈப்போவிலுள்ள இலாகா அலுவலகத்திற்குச் சென்று, தொகையைக் குறைக்கும்படி விண்ணப்பிக்கலாம். தவணை தவறிய பின்னரன்று, தவறுமுன்னரே செல்லுதல் நன்று.

அடுத்து, வீட்டுக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 1,500 வெள்ளி என்று கொள்வோம். உணவுக்கு 600, வாடகைக்கு 300, மின்சாரம் தண்ணீருக்கு 100, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு 150, மோட்டார் சைக்கிளுக்கு 120, மருந்துக்கு 50. இலாகாவுக்குரிய 100 வெள்ளியைச் சம்பள நாளன்றே கட்டிவிட வேண்டும். மீதி 80. இந்த 80 வெள்ளியே குடும்பத்தின் காவல். பால்மரம் இலையுதிர்க்கும் மாதங்களிலும் மழைநாள்களிலும் நம் வருவாய் சுருங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை. நல்ல மாதத்து மீதியே அம்மாதங்களின் தவணை. கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து எழுதும் கணக்கே நிலைக்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பையும் அறிந்துகொள்ளுங்கள். ஊழியர் சேம நிதியிலுள்ள பணத்தைக் கடன் கொடுத்தவர் கைப்பற்ற முடியாது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பிறர் குடியிருக்கும் வீட்டிற்கோ கல்விக்கோ சொந்த வாகனத்திற்கோ இலாபம் கருதாமல் பிணை நின்றவரைத் திவாலாக்க இயலாது. அதே திருத்தம், சொத்து விவர அறிக்கை கொடுத்து மூன்றாண்டுகளில் தானாக விடுதலை பெறவும் வழி வகுத்தது. நிர்ணயித்த தொகையையும் வரவு செலவுக் கணக்கையும் ஒழுங்காகச் செலுத்தி வந்தவருக்கே அவ்வழி திறந்தது. 2023 இல் விடுதலை விதிகள் மேலும் தளர்த்தப்பட்டன. உங்கள் கோப்பு எந்நிலையில் உள்ளது என்பதை இலாகாவில் கேட்டறியுங்கள். இன்னும் திவாலாகாமல் கடனில் தத்தளிப்போர், பேங்க் நெகாரா 2006 இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடலாம், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினர். சிறு தொகையைத் தவறாமல் கட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

அந்த நண்பர் இப்போது கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார். அவருடைய தவணை குறைக்கப்பட்டது. ரசீதுகளை ஒரு கோப்பில் அடுக்கி வருகிறார். திவாலாவது குற்றமன்று, நண்பர்களே, ஒளிந்துகொள்வதே இழப்பு. உங்கள் வீட்டிலும் பிரிக்காத கடிதம் இருந்தால், இன்றிரவே பிரியுங்கள்.