மறந்தவரை மறவோம்
(பங்கின் ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். எங்கள் அம்மாவுக்கு வயது 82. மாலையில் கோயில் மணி அடித்ததும் வாசலில் போய் நின்று, "அப்பாவை இன்னும் காணலையே" என்பார்கள். அப்பா இறந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. "அப்பாதான் இறந்துட்டாங்களே அம்மா" என்று தொடக்கத்தில் உண்மையைச் சொன்னோம். அன்றுதான் கேள்விப்பட்டவர்கள்போல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. ஒரே சாவை எத்தனை முறைதான் தாங்குவார்கள்?

பிடிவாதம் என்றெண்ணிக் கோபித்தோம். அது மூளையைத் தாக்கும் நோய் என்று பிறகே அறிந்தோம். 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய்தான் இதில் அதிகம் காணப்படுவது. புதிய நினைவைப் பதிக்கும் பகுதி முதலில் கெடுகிறது. ஆகவே காலையில் உண்டது மறந்துபோகும்; சிறுவயதில் கற்ற செபமோ நெடுநாள் நிற்கும். இன்றும் செபமாலையில் அம்மா ஒரு சொல்லும் தவறுவதில்லை.

ஆனால் எல்லா மறதியும் இந்நோயல்ல. தைராய்டு கோளாறு, பி-12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"மறுத்துப் பேசாதீர்கள்" என்றார் எங்கள் மருத்துவர். பொய் சொல்வது பாவமாயிற்றே என்று கலங்கினோம். பொய்யும் வேண்டாம், வாதமும் வேண்டாம் என்பது மெல்லப் புரிந்தது. இப்போது, "அப்பா ஞாபகம் வந்துட்டுதா அம்மா? அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேட்கிறோம். அம்மா முகம் மலர்ந்து, மீன்குழம்பு வைக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்காருவார்கள்.

ஒன்றை மறைக்க மாட்டோம். ஓர் இரவு அம்மா மூன்றாம் முறை எழுப்பியபோது எங்களில் ஒருவர் கையை ஓங்கிவிட்டார். அன்பு இல்லாமல் அல்ல, தூக்கம் இல்லாமல். அன்றிலிருந்து இரவுக் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறோம். இந்தச் சுமை ஒருவர் தோளுக்கு உரியதல்ல.

எனவே பங்கு மக்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்டவர்களைப் பார்க்க வரும்போது, "என்னைத் தெரியுதா?" என்று சோதிக்காதீர்கள், உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் அவர்களோடு அமருங்கள். அந்நேரத்தில் அவ்வீட்டு மருமகள் நிம்மதியாய்ப் பூசைக்குப் போய்வருவாள்.

இக்கோயில் பீடத்திற்குப் பூத்தொடுத்த கைகள் அவை. அவர்கள் நம்மை மறந்தாலும் நாம் அவர்களை மறவோம்.