ரப்பியின் கையெழுத்தும் ஸ்பெசிமன் கார்டும்

(நமது சங்கத்தின் நூலகக் கூட்டத்தில் பேசியது)

30 வருஷத்துக்கு மேல் வங்கி கவுண்டரில் கையெழுத்தை ஒத்துப் பார்த்தவன் நான். செக்கும் ஸ்பெசிமன் கார்டும் பொருந்தினால்தான் பணம். அந்தப் பழக்கத்தில், ஒரு பழைய எபிரேயப் புத்தகத்தில் உள்ள கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ரப்பி என்றால் யூதர்களின் மத ஆசான். அவர்களில் மிகப் பெரியவர் மோசே மைமோனிடிஸ். ஸ்பெயினில் பிறந்து, எகிப்தில் வாழ்ந்து, 1204-இல் மறைந்தார். யூதச் சட்டம் முழுவதையும் 'மிஷ்னே தோரா' என்று 14 பாகங்களில் தொகுத்தார். அச்சு இல்லாத காலம். பிரதி எடுப்பவர் ஒரு வரியை விட்டால் சட்டமே மாறிவிடும். ஆகவே ஒரு பிரதியில், இது என் சொந்தப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டார். நம்ம 'ட்ரூ காப்பி' அட்டெஸ்டேஷன்தான்! பச்சை மை மட்டும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் 1693-இல் வாங்கிய ஹண்டிங்டன் தொகுப்பில் அது இருக்கிறது.

அவர் கையெழுத்துதான் என்று எப்படித் தெரியும்? ஸ்பெசிமன் வேண்டுமே. அது கிடைத்த இடம்தான் வேடிக்கை. கடவுள் பெயர் உள்ள தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிப்பட்ட தாள்களை ஓர் அறையில் சேர்த்து வைத்தார்கள். கணக்குச் சீட்டு, கடிதம் எல்லாம் கூடவே போயின. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896-97-இல் அங்கே போய், அவற்றை மூட்டை மூட்டையாகக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். மைமோனிடிஸ் கைப்பட எழுதிய தாள்களும் அதில் இருந்தன.

அவருடைய தம்பி தாவீதின் கடிதமும் கிடைத்தது. தம்பி ரத்தின வியாபாரி. இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். பிறர் நம்பிக் கொடுத்த முதலும் போயிற்று. அண்ணன் ஒரு வருஷம் படுத்த படுக்கை. பிறகு வைத்தியத் தொழில் செய்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அட்டெஸ்டேஷன் போட்டது, அந்தக் கடிதத்தைப் பிரித்த அதே கைதான்.

பிற்கால அச்சுப் புத்தகங்களிலும் ரப்பிகள் முகப்பில் பெயர் எழுதியதுண்டு. ஏலத்தில் அதற்கே தனி விலை. அதனால் போலியும் உண்டு. முதலில் அச்சான வருஷத்தைப் பாருங்கள். ரப்பி இறந்தபின் அச்சான புத்தகத்தில் அவர் கையெழுத்து இருந்தால், காலமானவர் போட்ட செக் மாதிரிதான்.

போட்லியன் அந்தப் பிரதியை இணையத்தில் வைத்திருக்கிறது. இப்போது திரையில் காட்டுகிறேன். எபிரேயம் வலமிருந்து இடம். அப்படியே பார்த்துக்கொண்டு வாருங்கள்.